காந்திமதிக்குச் சமைக்கத் தெரியாது

காந்திமதிக்குச் சமைக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அவள் வைத்த ரசத்தை ஒரே ஒரு முறை வாயில் வைத்த சவுரிமுத்து, "அக்கா, இத்த அந்தக் கேன்ல ஊத்தி உறைய வெச்சிடு. யாரும் குடிக்காம பத்ரமாக் கெடக்கும்" என்றான். சவுரிமுத்து எங்கள் நிலையத்தின் கடைநிலை ஊழியன். கேன் என்று அவன் சொன்னது, திரவ நைட்ரஜன் நிரம்பிய, இடுப்பு உயர அலுமினியப் பாத்திரத்தை. அவளுக்குக் கோபம் வந்தது. ரசத்தைச் சொன்னதற்காக அல்ல. கேனைப் பற்றி விளையாட்டாகப் பேசியதற்காக.

எங்கள் தாவரத் திசு ஆராய்ச்சி நிலையம் தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நடுவில், ஜி.எஸ்.டி. ரோடிலிருந்து அரை மைல் உள்ளே இருந்தது. அதன் நூலகம், அதாவது நான்கு பீரோக்களும் ஒரு மேசை விசிறியும், என் பொறுப்பு. காந்திமதி 1985இல் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்தாள். பீர்க்கன்கரணைக்காரி. அப்பா ரத்தினம் திரிசூலம் குவாரியில் கல் உடைத்தவர். மகள் தாவரவியலில் பட்டம் வாங்கியபோது, "செடியப் பத்திப் படிக்க மூணு வருஷமா?" என்று கேட்டாராம். அவளுக்கு வந்த முதல் கோபங்களில் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அவளுடைய கோபத்துக்கு ஒரு முறை இருந்தது. குரல் உயராது, இறங்கும். முகம் மரியாதையாகும். "சரிங்க சார்" என்பாள். ஒரு முறை சொன்னால் மனத்தாங்கல். இரண்டு முறை சொன்னால் பேச்சை மாற்றிவிடுவது நல்லது. மூன்று முறை சொன்னதை நான் ஒரே ஒரு நாள்தான் கேட்டேன். அந்த நாளைப் பற்றியதுதான் இது.

கோபத்துக்குக் காரணங்களும் குறைவில்லை. நைட்ரஜனைக் கொண்டுவரும் வேன் கால்நடைத் துறை மையங்களுக்கும் போய்வரும் வேன். காளை விந்தை உறைய வைக்கிற அதே சரக்குதான் எங்கள் கேனிலும். ஆகவே பீர்க்கன்கரணையில் அவள் வேலை பார்ப்பது மாட்டு ஊசி ஆபீஸ் என்று முடிவாகிவிட்டது. யாராவது பசுவைப் பிடித்துக்கொண்டு வந்து அவள் சைக்கிளை மறிப்பார்கள். "இன்னாம்மா, இன்னிக்கு ஊசி கீதா?" ஏழு வருஷம் கேட்டார்கள். ஏழு வருஷமும் அவள் ஒரே அளவு கோபப்பட்டாள். பழகிப்போவது என்ற சௌகரியம் அவளுக்கு வாய்க்கவே இல்லை.

உண்மையில் அவள் செய்த வேலை இது. வாழைக்கன்றின் கிழங்கைச் சீவி, மட்டைகளை ஒவ்வொன்றாக உரித்து, நடுவிலிருக்கும் குருத்தின் நுனியை நுண்ணோக்கியின் கீழ் வைத்து வெட்டி எடுக்க வேண்டும். கடுகில் பாதி இருக்கும். அதற்குள் ஒரு முழு வாழைமரம் மடங்கிக் கிடக்கிறது. அதைச் சர்க்கரை அதிகமான வளர்ப்புக் கூழில் இரண்டு வாரம் வைத்து, உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குறைத்து, சுண்டுவிரல் அளவுக் குப்பியில் போட்டு, மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி நைட்ரஜனுக்குள் இறக்கினால் காலம் நின்றுவிடும். பத்து வருஷம் கழித்து எடுத்தாலும் அதற்கு ஒரு நாள்கூட வயது ஏறியிருக்காது. தோட்டம் அழிந்தாலும், நோய் வந்து எல்லா மரமும் செத்தாலும், குப்பியில் ஒரு கடுகு இருந்தால் ரகம் இருக்கும். திட்டம் அதுதான்.

திட்டத்தில் ஒரே ஒரு குறை: எடுத்தவையெல்லாம் செத்துப்போயின. வெந்நீரில் உருக்கி, புதுக் கூழில் வைத்து, டியூப் லைட் எரியும் ரேக்கில் அடுக்கினால் மூன்றாம் நாள் பழுப்பு, ஐந்தாம் நாள் கறுப்பு. 1988 முதல் மூன்று வருஷம் காந்திமதி வெட்டியதெல்லாம் கறுப்பு.

எங்கள் இயக்குநர் டாக்டர் வைத்தீஸ்வரன் சர்க்கரையைச் சந்தேகித்தார். பிறகு தண்ணீரை. பிறகு, மென்மையாக, காந்திமதியின் கையை. "கொஞ்சம் நிதானமா வெட்டிப் பாரேம்மா." சரிங்க சார்.

குற்றவாளி குளிரும் இல்லை, கையும் இல்லை. இதைக் கண்டுபிடிக்க உதவியவர் ஸ்டோர் கிளார்க். 1991 ஜூனில் ரேக்கின் கீழ்த்தட்டில் டியூப் போய்விட்டது. காந்திமதி மாற்று டியூப் கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். ஸ்டோர் கிளார்க் மூன்று முறையும் அதை ஃபைலில் பத்திரப்படுத்தினார். அவள் கொதித்துப்போய், "இருட்டுலயே கெடக்கட்டும்" என்று கீழ்த்தட்டைத் திரும்பிப் பார்க்காமல் விட்டாள். மூன்றாம் வாரம், ஆதாரம் காட்டிச் சண்டை போடுவதற்காக, அந்தத் தட்டிலிருந்த கண்ணாடித் தட்டுகளை எடுத்தாள். இருபது குருத்தில் நான்கு பச்சையாக இருந்தன.

எங்கள் நிலையத்தின் முதல் கண்டுபிடிப்புக்கு அரசாங்கச் சோம்பல் காரணம் என்று நான் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் குடை ரிப்பேர்க்காரரிடம் ஒரு பை நிறையக் கறுப்புத் துணி வாங்கிவந்தாள். பாதித் தட்டுகளை மூடினாள், பாதியைத் திறந்து வைத்தாள், எண்ணினாள். மறுபடி செய்தாள். என்னிடம் வந்து கப்பலில் ஆறு மாதம் தாமதமாக வரும் வெளிநாட்டு ஆய்விதழ்களைக் கேட்டு வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மதியச் சாப்பாட்டு நேரங்களில் படித்தாள். அவள் கோபமில்லாமல் இருந்து நான் பார்த்தது அந்த நேரங்களில் மட்டும்தான். அங்கேயும் சில கட்டுரைகளைப் பார்த்து, "இத்தினி பக்கம் எழுதிட்டு எத்தினி பொழைச்சுதுன்னு சொல்லல பாருங்க சார்" என்று முணுமுணுப்பாள்.

அவள் படித்துப் புரிந்துகொண்டதை எனக்குப் புரியவைத்தாள். உறைந்து உருகிய செல் அடிபட்டுக் கிடக்கிறது. அந்த நிலையில் அது மறுபடி மூச்சு விடத் தொடங்குகிறது. நல்ல உடம்பில் ஆக்சிஜனைக் கட்டி மேய்க்க ஆள்கள் உண்டு. அடிபட்ட உடம்பில் அந்த ஆள்கள் இல்லை. கட்டவிழ்ந்த ஆக்சிஜன் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறது. செல்லின் தோல் ஓட்டையாகிறது, உள்ளே இருக்கும் துவர்ப்புச் சரக்கு வெளியே கசிந்து பழுப்பாகிறது. அந்த நேரத்தில் வெளிச்சமும் விழுந்தால் நாசம் இரட்டிப்பு. பச்சையம் ஒளியை வாங்கிக்கொள்கிறது, அதை வைத்து வேலை செய்ய வழியில்லாமல் அதையும் விஷமாக்குகிறது. ஆக, மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறில் சாகாதது, டியூப் லைட்டிலும் காற்றிலும் செத்தது. செடிக்கு வெளிச்சம் நல்லது, காற்று நல்லது என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த நாங்கள் மூன்று வருஷம் நல்லது செய்தே கொன்றிருக்கிறோம்.

அவள் கூழில் வைட்டமின் சி சேர்த்தாள். ஆக்சிஜன் கடிக்க வந்தால் முதலில் கடிபடுவதற்கு ஓர் ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். ஏழு நாள் முழு இருட்டு. பதினோரு சுற்று. அறுநூற்று நாற்பது குருத்துகள். கடைசியில் பத்துக்கு நான்கு பிழைத்தன. நீல அட்டைபோட்ட நோட்டில் ஒவ்வொரு குருத்துக்கும் ஒரு வரி.

நோட்டை இயக்குநரிடம் கொண்டுபோனபோது நானும் அந்த அறையில் இருந்தேன். வைத்தீஸ்வரன் நல்லவர். அதில்தான் சிக்கலே. கெட்டவராக இருந்தால் கண்டுபிடிப்பைத் திருடியிருப்பார். அவளுக்கும் நிம்மதியாகக் கோபப்படக் காரணம் கிடைத்திருக்கும். அவர் எழுந்து நின்று கைதட்டினார்.

"எப்படிம்மா தோணித்து உனக்கு?"

"கீழ்த்தட்டுல டியூப் ஃப்யூஸ் போயிருந்துச்சு சார். அதுல வெச்சது பொழைச்சுது. அப்புறம் துணி போட்டுப் பாத்தேன். அப்புறம் படிச்சேன். வைட்டமின் சி சேத்தேன்."

"வைட்டமின் சி... புளிப்பு..." அவர் முகம் பிரகாசமானது. "அடடா! இது நம்ம வாழைப்பூன்னா! ஆத்துல வாழைப்பூவை ஆஞ்சு மோர்ல போடுவாளே, கறுக்காம இருக்க! அதையே பண்ணியிருக்கேம்மா நீ!"

"எனக்கு அது தெரியாதுங்க சார். எங்க வீட்ல சமையல் அவரு."

இது நிஜம். அவள் கணவர் ஜெயவேலு காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி விடுதியின் மெஸ்ஸில் சமையல்காரர். நாள் முழுக்க நானூறு பேருக்குச் சமைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்குச் சமைப்பார். காந்திமதி அடுப்படிக்குப் போனால் அவர்தான் பயப்படுவார்.

"தெரியாம இருக்குமா?" என்றார் வைத்தீஸ்வரன், மிகுந்த அன்போடு. "உனக்கே தெரியாம உள்ளுக்குள்ள இருந்திருக்கும். பரம்பரை ஞானம்மா அது."

"சரிங்க சார்."

வேதியியல்படி பார்த்தால் அவர் சொன்னதில் பெரிய பிழை இல்லை. வாழைப்பூ கறுப்பதும் குருத்து கறுப்பதும் ஏறக்குறைய ஒரே சமாச்சாரம்தான். முழுப் பொய்யாக இருந்தால் மறுக்கலாம். அது பாதி உண்மையாக இருந்தது என்பதுதான் அவளைச் சுட்டது. வெளியே வந்ததும் நூலகத்தில் என் மேசைமேல் நோட்டைப் போட்டாள்.

"அறுநூத்தி நாப்பது வெட்டிகீறேன் சார். விரல் மரத்துப்போய் ராவுல சோறு பெசைய முடியல. இன்னா சொல்றாரு பாத்தீங்களா? மோராம்!"

கதை அதோடு நிற்கவில்லை. டெல்லிக் கருத்தரங்கில், வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தபோது காந்திமதிக்கு யோசனை பிறந்ததாக வைத்தீஸ்வரன் பேசினார். கோயம்புத்தூரில், மோரை நீட்டியது அவளுடைய மாமியார். காந்திமதிக்குக் கல்யாணம் ஆவதற்கு ஆறு வருஷம் முன்பே ஜெயவேலுவின் தாயார் இறந்துவிட்டார். ஹைதராபாதில் அந்த மாமியார் ஒரு வாக்கியம் பேசவும் செய்தார். நல்ல கைதட்டல் கிடைத்ததாகக் கேள்வி. இருட்டு, துணி, நோட்டு எல்லாம் கதையிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்துவிட்டன. மோர் மட்டும் நின்றது. அவையில் இருப்பவர்களுக்கு மோர் பிடித்திருந்தது. படித்த பெண் யோசித்தாள் என்பதைவிடப் படிக்காத மாமியார் யோசித்தாள் என்பது எவ்வளவு அழகாக இருக்கிறது!

இனி ஏரிமொந்தன். பீர்க்கன்கரணை ஏரிக்கு மேற்கே ஒரு தோப்பில் மட்டும் இருந்த மொந்தன் வாழை அது. காய் கட்டை, தோல் சாம்பல் பூத்தது, கரையோர உப்புத் தண்ணீரிலும் வளரும். 1986இல் காந்திமதியே சைக்கிள் கேரியரில் நான்கு கன்றுகளைக் கட்டிக் கொண்டுவந்தாள். மூன்று வருஷத்தில் தோப்பு மனைகளாகி, வெள்ளையடித்த கற்கள் நட்டு, ஏதோ ஒரு நகர் என்று போர்டு வைத்துவிட்டார்கள். 1992 மழையில் நிலையத்தில் நான்கு நாள் மின்சாரம் இல்லை. ஏ.சி. நின்று, பூஞ்சை பிடித்து, பாட்டில்களில் வளர்த்த ஏரிமொந்தன் கன்றுகள் அத்தனையும் போயின. மிஞ்சியது கேனில் இருந்த இருபத்துநான்கு குருத்துகள். எங்களுக்குத் தெரிந்து வேறெங்கும் அந்த ரகம் இல்லை. காந்திமதி அதைத் தொடவில்லை. பத்துக்கு நான்கு பிழைப்பது அவளுக்குப் போதவில்லை. ஆறாகட்டும், பிறகு எடுக்கலாம் என்று வேறு ரகங்களில் சோதித்துக்கொண்டிருந்தாள். அவசரமும் இல்லை. கேனுக்குள் காலம் அவள் பக்கம் இருந்தது.

1994 பிப்ரவரியில் 'உறைகுளிர் வங்கி' திறப்பு விழா என்று முடிவாயிற்று. அழைப்பிதழின் தமிழ் வாசகம் என் கைங்கரியம். 'அழிந்துபோன ஏரிமொந்தனின் இருபத்துநான்கு குருத்துகளும் கண்விழிக்கும் நன்னாள்' என்று எழுதினேன். ஓசை நன்றாக இருந்தது. அச்சாகி வந்த அன்று அதைக் கையில் பிடித்துக்கொண்டு காந்திமதி என் முன்னால் வந்து நின்றாள். அந்த வரியின்மேல் விரலை வைத்துக் காட்டினாள். நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"சார், பூவன் எடுத்துக் காட்டலாம் சார். பூவன் முந்நூறு இருக்கு. மொந்தன் இருபத்துநாலுதான்."

"இன்விடேஷன் அடிச்சாச்சேம்மா."

"அடிச்சா என்னங்க சார்? கடுகு மாதிரி இருக்கு. பாக்கறவங்களுக்கு மொந்தன் எது, பூவன் எது?"

வைத்தீஸ்வரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "பொய் சொல்லச் சொல்றியா காந்திமதி? நான் சயின்டிஸ்ட்மா."

இல்லாத மாமியாரை இரண்டு ஊர் மேடைகளுக்கு அழைத்துப் போனவர் இதை மனதாரச் சொன்னார். அவளுடைய குரல் இறங்கியது.

"அப்ப இருட்டுப் பொட்டியிலயே வெச்சிருக்கணும் சார். காட்டறப்ப மட்டும் தெறந்து, மூடிடணும்."

"அஞ்சே நிமிஷம். ப்ராமிஸ்."

"சரிங்க சார்."

விழா நாள் வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். சிறப்பு விருந்தினர் பத்து மணிக்கே வந்துவிடுவார், பத்தேகாலுக்கு உருக்கலாம் என்பது ஏற்பாடு. பத்தேகாலுக்கு அவர் வரவில்லை. பெருங்களத்தூர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டதாகச் செய்தி வந்தது. காத்திருந்தால் ராகுகாலம். கேனுக்குள் பத்து வருஷம் காத்திருக்கக் கூடியதை, பஞ்சாங்கத்துக்காகப் பத்து இருபதுக்கு வெளியே எடுத்தார்கள். நாற்பது டிகிரி வெந்நீரில், உதடு அசைய அறுபது எண்ணி, காந்திமதி உருக்கினாள். நான்கு கண்ணாடித் தட்டுகளில் ஆறு ஆறாக வைத்து, குடைத்துணி ஒட்டிய அட்டைப்பெட்டியில் மூடி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

விருந்தினர் பன்னிரண்டு இருபதுக்கு வந்தார். கேட் காரணமில்லை, அவரும் ராகுகாலம் கழித்துத்தான் வீட்டிலிருந்து கிளம்பினாராம்.

அதற்குள் மேடையில் ஒரு மாறுதல் நடந்திருந்தது. அட்டைப்பெட்டி செருப்புப் பெட்டி மாதிரி இருக்கிறது என்று வைத்தீஸ்வரனுக்கு மனக்குறை. தம் வீட்டு வெள்ளித் தாம்பாளத்தை வரவழைத்திருந்தார். விருந்தினர் அமர்ந்ததும் பெட்டியை அவளிடமிருந்து வாங்கி, நான்கு தட்டுகளையும் தாம்பாளத்தில் ரோஜா இதழ்களுக்கு நடுவே வைத்தார்கள். வீடியோக்காரர் லைட்டைப் போட்டார். கல்யாண வீடுகளில் மணமக்களைக் கண்கலங்க வைக்கிற அந்த ஆயிரம் வாட் விளக்கு. மேடைக்கு மட்டும் போட்டிருந்த ஷாமியானாவுக்குள் இன்னொரு சூரியன் இறங்கி, வெள்ளியில் பட்டுத் தெறித்தது.

காந்திமதி மேடையோரத்தில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் ஆயிற்று. வைத்தீஸ்வரன் வரவேற்புரையில் வேதகாலத்துத் தாவர அறிவுக்கு வந்திருந்தார்.

"இன்னாக்கா, பத்து நிமிசம் ஆவுது" என்றான் சவுரிமுத்து.

"லைட்டை அமத்தச் சொல்லு."

"யார்கிட்ட? அந்தாளு தாலி கட்றப்பவே ஐயரை நவுரச் சொல்றவன். பேஜார் பண்ணுவான்."

அவளே போனாள். "அண்ணா, லைட்டைக் கொஞ்சம் அந்தாண்டத் திருப்புங்க."

"இன்னாம்மா நீ? அந்தத் தட்டைத்தான் க்ளோசப் எடுக்கணும்னு டைரக்டர் சொல்லிகீறாரு. கொஞ்சம் தள்ளிக்கோ, நெழலு வுழுது."

"அந்த நெழலுதாண்ணா வேணும்" என்றாள். அவர் அதைத் தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார்.

இருபதாவது நிமிஷம், பார்த்துவிட்டுத் தரலாம் என்று விருந்தினர் ஒரு தட்டை எடுத்து முன்வரிசைக்கு அனுப்பினார். பின்னாலேயே இன்னொன்றும் போயிற்று. வெயிலில், மடிக்கு மடி, "எங்கே, ஒண்ணும் தெரியலையே" என்றபடி பயணம் செய்தன. நான் முன்வரிசை ஓரத்தில்தான் இருந்தேன். ஒரு தட்டு என் கைக்கும் வந்தது. வந்ததை நானும் அடுத்தவரிடம் கொடுத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் கொடுத்தேன்.

இருபத்தைந்தாவது நிமிஷம் வைத்தீஸ்வரன் வாழைப்பூவை எட்டினார். மாமியார் வந்தார். மோர் வந்தது. "இந்த ஞானத்தை எந்த யுனிவர்சிட்டி கொடுக்கும்?" என்று கேட்டார். கைதட்டல். "வாம்மா காந்திமதி!" அவள் மேடை ஏறினாள். அரக்கு நிறத்தில் ஜரிகைக் கரைபோட்ட பொன்னாடையை விருந்தினர் அவள் தோளில் போர்த்தினார்.

"மோர்ல ஆரம்பிச்சு நைட்ரஜன்ல முடிச்சிருக்கே!" என்றார் அவர்.

"சரிங்க சார்."

"சிரிம்மா, போட்டோ எடுக்கறா" என்றார் வைத்தீஸ்வரன்.

"சரிங்க சார்."

"ரெண்டு வார்த்தை பேசு. மாமியாரை நெனச்சுண்டு பேசு."

"சரிங்க சார்."

மூன்றாவது ஒலிபெருக்கியில் கேட்டது. நான் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தேன். காந்திமதி மைக்கைப் பிடித்தாள். குரல் அவ்வளவு இறங்கி நான் கேட்டதில்லை.

"எனக்கு மாமியார் இல்ல. சமைக்கத் தெரியாது. ரேக்குல டியூப் ஃப்யூஸ் போச்சு, அதுல கண்டுபிடிச்சேன். அறுநூத்தி நாப்பது குருத்து வெட்டி எண்ணிகீறேன், நோட்டு உள்ள கீது. இப்ப இங்க இருபத்துநாலு செத்துக்கினு கீது. லைட்டை அமத்துங்க."

பிறகு கரகோஷம். எவ்வளவு அடக்கமான பெண் என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். லைட் அணையவில்லை, கைதட்டலைப் படமெடுக்க வீடியோக்காரர் அதை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி தாம்பாளத்துக்கே கொண்டுவந்தார்.

காந்திமதி தோளிலிருந்து பொன்னாடையை உருவினாள். லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். நெசவு இளக்கம், வெளிச்சம் ஊடுருவியது. இரண்டாக மடித்துப் பார்த்தாள். நான்காக மடித்தாள். பிறகு தாம்பாளத்தில் மிச்சமிருந்த இரண்டு தட்டுகள்மேல் அதைப் போட்டு, ஓரங்களை ரோஜா இதழ்களோடு சேர்த்து அழுத்தி மூடினாள். என் வாழ்க்கையில் ஒரு பொன்னாடை ஏதாவது ஒரு காரியத்துக்குப் பயன்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"என்னம்மா பண்றே? விழா நடந்துண்டிருக்கு..." என்று வைத்தீஸ்வரன் தாம்பாளத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். அவள் மறுபக்கத்தைப் பிடித்தாள். வெள்ளிப் பாத்திரத்தை இரண்டு பேர் இழுப்பதை விருந்தினர் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார், ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்து. முதலில் விட்டவர் வைத்தீஸ்வரன். அவள் தாம்பாளத்தோடு இறங்கி, ஆய்வகத்து இருட்டறையில் வைத்துப் பூட்டிவிட்டு, திரும்பி வந்து, முன்வரிசையில் அலைந்துகொண்டிருந்த இரண்டு தட்டுகளைத் தேடினாள். ஒன்று ஒரு பிரமுகரின் மடியில் இருந்தது. அதன்மேல் அவர் அழைப்பிதழை விசிறியாக வைத்திருந்தார். இன்னொன்று காலி நாற்காலியில், வெயிலில் கிடந்தது.

மறுநாள் அவளுக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ டைப் ஆயிற்று. வைத்தீஸ்வரன் கையெழுத்துப் போடாமல் மேசையில் வைத்திருந்தார். ஏழு நாள் அவள் யாரிடமும் பேசவில்லை. சவுரிமுத்து மட்டும் கதவருகே நின்று, "அக்கா, திட்டவாவது திட்டு, பயமாக்கீது" என்று கேட்டுப் பார்த்தான்.

எட்டாம் நாள் இருட்டறையைத் திறந்தாள். முன்வரிசைக்குப் போன பன்னிரண்டும் கறுப்பு. பொன்னாடைக்கு அடியில் இருந்த பன்னிரண்டில் ஒன்பது பழுப்பு. மூன்று பச்சை.

வைத்தீஸ்வரனும் வந்து பார்த்தார். நுண்ணோக்கியில் வெகுநேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது மெமோவைப் பற்றிப் பேசவில்லை. அதைப் பிறகு யாரும் பார்க்கவும் இல்லை.

"என்னோட ஃபங்ஷன் ஒம்பதையும் இந்தப் பன்னெண்டையும் சாகடிச்சுடுத்து இல்லையா?" என்றார்.

"ஆமாங்க சார்."

'ஆமாங்க' என்று அவள் அவரிடம் சொன்னது அதுவே முதல் தடவை.

நீல நோட்டில் அந்த வரிசை இப்படி இருக்கிறது, நானே பார்த்தேன். தேதி. ரகம்: ஏரிமொந்தன். எண்ணிக்கை: 24. ஒளி: வீடியோ லைட், வெயில். மறைப்பு: பொன்னாடை, நான்கு மடிப்பு. பிழைத்தது: 3. குறிப்பு என்ற கட்டத்தில் ஒரே ஒரு சொல் எழுதி, மை தெறிக்க அடித்திருக்கிறாள். என்ன சொல் என்று யாராலும் படிக்க முடியவில்லை.

ஆய்வுக்கட்டுரை 1996இல் வந்தது. காந்திமதியின் பெயர் முதலில், வைத்தீஸ்வரன் பெயர் அடுத்து. வரிசையை அவரே மாற்றினார். அவர் நல்லவர் என்று முன்பே சொன்னேன். ஆனால் முன்னுரையில், தென்னிந்தியச் சமையலறைகளில் வாழைப்பூவை மோரில் இடும் வழக்கம் பற்றி ஒரு வாக்கியம் இருந்தது. வரைவில் அவள் அதை அடித்தாள், அவர் சேர்த்தார், அவள் அடித்தாள். நான்கு வரைவுகளில் நடந்த இந்தச் சண்டையில் அச்சகத்துக்குப் போன பிரதி அவர் கையிலிருந்து போனது. பொன்னாடை, 'ஒளி ஊடுருவாத துணி' என்று வந்திருந்தது.

மூன்று குருத்துகள் இருபது கன்றுகளாகி, நிலையத்தின் பின்புறம் மரங்களாக நின்றன. முதல் பூ தள்ளியதும், வைத்தீஸ்வரன் அதைத் தம் கையாலேயே அறுத்து, ஒரு குழந்தையை ஏந்துவதுபோல் கொண்டுவந்து காந்திமதியின் மேசையில் வைத்தார்.

"இதை நீதாம்மா சமைக்கணும். வேற யாருக்கும் உரிமை இல்லை."

அறையில் இருந்த எல்லாரும் அவள் வாயைப் பார்த்தோம். அவள் பூவைப் பார்த்தாள். அதைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தாள்.

பிறகு நடந்ததை ஜெயவேலு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் பூவை ஆய உட்கார்ந்து, "மோர் இல்ல. எல்லம்மாகிட்ட வாங்கினு வா, இல்லாட்டிக் கறுத்துடும்" என்றாராம். கறுத்தால் கறுக்கட்டும் என்றாளாம். கூடத்து விளக்கை அணைத்துவிட்டு ஆயச் சொன்னாளாம். "இருட்டுல எப்புடி ஆயறது? விரலை வெட்டிக்கவா?" என்று அவர் கேட்டிருக்கிறார். ஏரிமொந்தனின் முதல் பூ அவள் கண்ணெதிரே நுனியிலிருந்து பழுப்பேறிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றவள், தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்திருக்கிறாள்.

இரண்டு வீடு தள்ளி எருமை வைத்திருந்த எல்லம்மா, சட்டியில் மோரை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "இன்னா காந்தி, வாழப்பூவா?"

"இல்ல" என்றாள் காந்திமதி. "குடிக்க."